புதுப்பிப்பு: மொட்டைமாடி ஏசி டக்ட்டுக்கு 25 மி.மீ. போதுமா, 50 வேண்டுமா?

சென்னை அலுவலகக் கட்டடத்தின் மாடியில் ஓடும் டக்ட்டுக்கு (ஏசியின் குளிர்காற்று போகும் குழாய்), வெளிவெப்பத்தைத் தடுக்கக் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) எவ்வளவு கனத்தில் சுற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "கொட்டேஷனில் குறைவானதை எடு" என்றே பலரும் சொன்னீர்கள். சரி, ஆயுள்காலச் செலவையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வெளியே 35 டிகிரி, டக்ட்டுக்குள்ளே 13 டிகிரி காற்று. 25 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 27 வாட் வெப்பம் உள்ளே வரும். 50 என்றால் 14. 75 என்றால் 10. முதல் இரட்டிப்பில்தான் லாபம், அதற்குமேல் காசு கரைகிறது. வருடம் 3,000 மணி நேரம் ஓடினால், 25-ஐவிட 50 மி.மீ.யில் சதுர மீட்டருக்கு 39 யூனிட் வெப்பம் குறையும்; ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், மின்சாரத்தில் ஏறக்குறைய 12 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 8 கிலோவுக்கு மேல். கூடுதல் கிளாஸ் வூலைத் தயாரிக்கும்போது வெளியான கார்பன் ஒரு வருடத்துக்குள் ஈடாகிவிடும்.

கிளாஸ் வூலுக்குப் பதில் நுரைப் பலகை யோசிப்பவர்கள், அதை நுரைக்க ஊதிய வாயு எது என்று கட்டாயம் கேளுங்கள். அப்படி ஊதப் பயன்படும் வாயுக்களில் ஒன்றான எச்எஃப்சி-134ஏ ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

அப்புறம், கிளாஸ் வூல் உறையின் இணைப்புகளை மூட ஒட்டும் அலுமினியம் ஃபாயில் டேப். இணைப்பில் பிரிந்தால் நம்ம ஊர் ஈரக்காற்று புகுந்து பஞ்சு ஊறிவிடும். இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 50 மி.மீ.க்கே ஆர்டர் போட்டாயிற்று, டேப் ஒட்டும்போது நானே மாடியில் நிற்கப் போகிறேன்.