என்ஜின் அறையிலிருந்து கல்லூரிக்கு: ஸ்டா-21இல் போனவர்கள் சொல்லுங்கள்

சான் டியாகோவிலிருந்து:

அமெரிக்கக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தால் கடைசிவரை மாலுமிதானா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இல்லை தம்பி. நான்கு வருடம் என்ஜின் அறையில் கிடந்தவன் நான். இப்போது என்சைன், அதாவது கடற்படை அதிகாரிகளில் முதல் படி.

நான் போனது ஸ்டா-21 வழியில். மாலுமிகளைப் படிக்க வைத்து அதிகாரியாக்கும் கடற்படைத் திட்டம் அது. அதே சம்பளத்தைக் கொடுத்து முழுநேர மாணவனாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள். 36 மாதத்துக்குள் பட்டம் வாங்க வேண்டும். கோடையிலும் வகுப்பு உண்டு. கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 10,000 டாலர் வரைதான் தருவார்கள், மிச்சம் நம் கைக்காசு. கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்காமல் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். குடியுரிமையும் கட்டாயம். நான் கிரீன் கார்டில் சேர்ந்தவன், குடியுரிமை வாங்கிய பிறகுதான் விண்ணப்பமே போட முடிந்தது.

முதல் தடவை தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் எங்கள் சீஃப், அதாவது மாலுமிகளை மேய்க்கும் மூத்தவர், என் விண்ணப்பக் கட்டுரையைக் கேட்டு வாங்கிப் படித்தார். "இதில் கப்பல் இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய்?" என்றார்.

அடுத்த வருடம் இரவு வாட்ச் பணி முடிந்து, இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். கடல்நீர் பம்பு ஒழுகிய அன்று, புதிதாக வந்த பையன் கை நடுங்க நின்றான். ஸ்பேனரை அவன் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று பம்பின் கசிவைத் தடுக்கும் 'சீல்' பாகத்தை அவனையே மாற்ற வைத்தேன். அதை மட்டும் எழுதினேன். தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. மூன்று அதிகாரிகள் நடத்திய நேர்காணலிலும் அந்தப் பையனைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.

கிடைத்தது. கல்லூரிக்கு முன்னால் நியூபோர்ட்டில் சில வாரப் பயிற்சி. பட்டத்துக்குப் பிறகு ஐந்து வருடமாவது பணியில் இருக்க வேண்டும். எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

நார்ஃபோக்கிலிருந்து:

அண்ணா, நான் வேறு வழி. மருத்துவப் பிரிவில் இருந்துகொண்டே கடற்படையின் கல்வி உதவியில் ஆன்லைனில் படித்தேன். கடலில் இணையம் சரியாக வராது. துறைமுகம் தொட்டதும் எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்புவார்கள், நான் அசைன்மென்ட் அனுப்ப இடம் தேடுவேன். ஆறு வருடம் ஆனது. கையில் பட்டம் இருந்ததால் நேராக ஓசிஎஸ் போனேன், அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிப் பள்ளி அது. குழந்தை இருப்பவர்களுக்கு இந்த வழி தோதாக இருக்கும், ஆனால் நீளம். அதிகாரியானதும் முதல் சல்யூட் உங்களுக்கு யார் அடித்தது?

சான் டியாகோவிலிருந்து:

அந்த சீஃப்தான் அடித்தார், அம்மா. அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். பழைய சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் சல்யூட் அடிப்பவருக்குப் புது அதிகாரி வெள்ளி டாலர் கொடுக்கும் வழக்கப்படி, அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கையை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்.