பக்கத்து மனையில் ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தரைத்தளம்) + 3 மாடி வருகிறது. நம்முடையது 1994 வீடு. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

சந்துவீடு94:
இடம் மடிப்பாக்கம். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, பில்லர் கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர், கருங்கல் அஸ்திவாரம், தரையிலிருந்து 4 அடி ஆழம். மண் களி. வீட்டுச் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே 3 அடி சந்து. காம்பவுண்டு எங்களுடையது: 4½ அங்குலச் சுவர், 10 அடிக்கு ஒரு தூண்.

பக்கத்து மனை முக்கால் கிரவுண்டு. பழைய வீட்டை இடித்துவிட்டு ஸ்டில்ட் மேல் மூன்று மாடி. மேஸ்திரி சொன்ன அளவுகள்: வானம் 6 அடி ஆழம், ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் பாதம்) 6-க்கு 6 அடி, எங்கள் பக்கத்து பில்லர் வரிசையின் மையம் எல்லையிலிருந்து 5½ அடி. பிறகு காம்பவுண்டை ஒட்டியே 3 அடிக்கு கிராவல் கொட்டி மட்டம் உயர்த்துகிறார்கள். மழைக்கு முன் கடைக்கால் (அஸ்திவார வேலை) முடித்துவிட வேண்டும் என்பதால் இந்த மாதமே ஆரம்பம்.

வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் எதுவும் இல்லை, சொன்னால் கேட்கிறவர். ஆனால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டும். 6 அடி வானம் எங்கள் அஸ்திவாரத்துக்கு ஆபத்தா? நிரப்பும் மண்ணைக் காம்பவுண்டு தாங்குமா? விரிசல் வந்தால் அது அவர் வேலையால் வந்தது என்று எப்படிக் காட்டுவது?

கடைக்கால்:
மூன்று மாடி எழும்பிய பிறகு வருகிற சேதத்தைவிட, குழி திறந்து கிடக்கும் பத்துப் பதினைந்து நாளில் வருகிற சேதம்தான் அதிகம். அதனால் மாடி எண்ணிக்கையை விட்டுவிட்டு குழியைப் பாருங்கள்.

அருகருகே இருக்கும் இரண்டு அஸ்திவாரங்கள் வேறு வேறு ஆழத்தில் இருந்தால், அவற்றின் ஓரங்களைச் சேர்க்கும் கோடு 2 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் இறங்கக்கூடாது. அஸ்திவாரத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 தரும் வரம்பு அது. உங்கள் சுவர் எல்லையிலிருந்து 3 அடி. கருங்கல் அடிப்பகுதி சுவரைவிட ஓர் அடி வெளியே வந்திருக்கும் என்று வைத்தால், அதன் ஓரம் எல்லையிலிருந்து 2 அடி. அவர் ஃபுட்டிங்கின் ஓரம் 5½-இல் பாதி அகலம் 3 போக 2½ அடி. ஆக இடைவெளி 4½ அடி. ஆழ வித்தியாசம் 2 அடி, தேவை 4 அடி. தேறுகிறது, அரை அடி மிச்சத்தில்.

இரண்டு விஷயம் இந்த மிச்சத்தைத் தின்றுவிடும். முதலாவது, தோண்டும்போது "மண்ணு இளகலா இருக்கு, இன்னும் ஒரு அடி இறக்கு" என்பார்கள். 7 அடி ஆனால் வித்தியாசம் 3, தேவை 6 அடி. தேறாது. இரண்டாவது, ஆள் இறங்கி வேலை செய்ய ஃபுட்டிங்கைச் சுற்றி ஒன்றரை அடி கூடுதலாக வெட்டுவார்கள். அப்போது குழியின் ஓரம் உங்கள் அஸ்திவாரத்துக்கு 3 அடியில் வந்துவிடும். கான்கிரீட் போட்டு மண் மூடும்வரை வரம்பை மீறிய நிலைதான். களி காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஒரு கோடை மழை குழிக்குள் தேங்கினால் அடியில் இளகி, மேலே சொல்லாமல் சரியும்.

ஆகவே கேட்க வேண்டியவை: உங்கள் பக்கத்து வரிசையை ஒரே நீளமான வானமாக வெட்டக்கூடாது. குழிகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் போட்டு முதலில் 1, 3. அவற்றில் ஃபுட்டிங் போட்டு, பில்லர் தரைக்கு மேல் வந்து, மண் மூடி இடித்த பிறகு 2, 4. குழியின் அடியைத் தொட்ட அன்றைக்கே பி.சி.சி. (கம்பியில்லாத அடி கான்கிரீட்) போட வேண்டும், அடி மண் ஈரம் குடிக்கவோ காய்ந்து வெடிக்கவோ விடக்கூடாது. உங்கள் பக்கத்துக் குழி முகத்துக்கு மட்டும் பலகை வைத்து, சவுக்குக் கட்டையால் எதிர்ப்பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். 6 அடிக்கு மேல் இறக்க வேண்டி வந்தால் மேஸ்திரி அல்ல, டிசைன் போட்ட இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஆழம் கூட்டுவதற்குப் பதில் ஃபுட்டிங்கை மனையின் உள்பக்கமாக அகலப்படுத்தி, அடுத்த வரிசையோடு சேர்த்து ஒரே ஃபுட்டிங்காகப் போடும் வழி அவரிடம் இருக்கும்.

உங்கள் அஸ்திவாரம் உண்மையிலேயே 4 அடிதானா என்பதையும் உறுதி செய்யுங்கள். சந்தில் சுவரை ஒட்டி 2 அடிக்கு 2 அடி ஒரு குழி, கையால் தோண்டினால் அரை நாள் வேலை. அளந்து, படம் எடுத்து, உடனே மூடி இடித்துவிடுங்கள். 90-களில் கட்டிய பல வீடுகளில் வரைபடத்தில் 4 என்றிருக்கும், மண்ணுக்குள் 3 இருக்கும்.

சென்ட்ரிங்பலகை:
மேலே சொன்னது சரி. அதோடு தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பகுதி, மழைக்குப் பிறகு 4, 5 அடியிலேயே ஊற்று வந்துவிடும். மோட்டார் போட்டு இறைப்பார்கள். இறைக்கிற தண்ணீர் தெளிவாக வந்தால் கவலையில்லை. கலங்கலாகத் தொடர்ந்து வந்தால் அது அக்கம்பக்கத்து மண், உங்கள் தரைக்கு அடியில் இருப்பதும் சேர்த்து. பைப்பிலிருந்து ஒரு பக்கெட் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் மணல் விரல் தடிமனுக்குப் படிந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லலாம். இறைக்கும் குழி உங்கள் எல்லைக்கு நேர் எதிர் மூலையில் இருக்க வேண்டும். ஓட்டை போட்ட டிரம்மை இறக்கி, சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி நிரப்பினால் தண்ணீரோடு மண் வருவது குறையும். செலவு ஒரு டிரம்மும் சில கூடை ஜல்லியும்தான், ஆனாலும் யாரும் செய்வதில்லை.

இடிக்கும்போது காம்பவுண்டிலிருந்து 4 அடிக்குள் பிரேக்கர் வைத்த ஜேசிபி வேண்டாம், கையால் உடைக்கட்டும். ஸ்லாபைச் சுவரிலிருந்து பிரித்துவிட்ட பிறகுதான் மற்ற பக்கத்தை மெஷினில் தள்ள வேண்டும். இல்லையென்றால் அங்கே அடிக்கிற அடி ஸ்லாபு வழியாக இங்கே வந்து இறங்கும்.

இனி கிராவல். இதில்தான் ஊர் முழுக்கச் சண்டை. ரோட்டைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டு உயர்த்துகிறார்கள். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் பார்த்தவர்கள், புது வீட்டை ரோட்டுக்கு மேலே தூக்காமல் கட்டச் சொன்னால் கேட்க மாட்டார்கள். அவர்மேல் தப்பில்லை. ஆனால் 4½ அங்குலச் சுவர் மறைப்புக்குக் கட்டியது, மண் தாங்க அல்ல. 3 அடி கிராவல் காய்ந்த நிலையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 250 கிலோ பக்கவாட்டில் தள்ளும். தண்ணீர் ஊறி வெளியேற வழியில்லை என்றால் 540 கிலோவுக்குப் போகும். அந்தத் தடிமனுக்கு காய்ந்த மண்ணின் தள்ளலே அதிகம். மண் கொட்டிய அன்று நிற்கும், முதல் பெருமழையில் தூணுக்குத் தூண் நடுவில் உங்கள் பக்கம் வயிறு தள்ளும், பிறகு விழும்.

சரியான வழி: அவர் மனைக்குள், அவர் செலவில், தனியாக எல் வடிவ கான்கிரீட் தாங்குசுவர். 3 அடி உயரத்துக்கு 6 அங்குலத் தடிமன் போதும். கால் அவர் பக்கம் நீள வேண்டும், மேலே இருக்கிற மண்ணின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். கம்பி அளவை அவர் இன்ஜினியர் தருவார். உங்கள் காம்பவுண்டுக்கும் அதற்கும் 2 அங்குலம் இடைவெளி. சுவருக்குப் பின்னால் அடியில் 4 அங்குல ஓட்டை பைப்பு, அதைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி. பைப்பு தெரு வடிகாலிலோ அவருடைய மழைநீர்த் தொட்டியிலோ முடிய வேண்டும்.

கேவியட்:
சண்டை இல்லாதபோது எழுதி வாங்குவதுதான் சுலபம். அதற்கு முன், உங்கள் உரிமை எது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி வெறும் நிலத்துக்குப் பக்கத்து நிலம் தருகிற தாங்கல் இயற்கையான உரிமை. நிலத்தின் மேல் கட்டிய வீட்டின் எடைக்கு அது தானாகக் கிடைக்காது. ஆனால் 15-வது பிரிவு, 20 ஆண்டு தடையில்லாமல் அந்தத் தாங்கலை அனுபவித்திருந்தால் கட்டடத்துக்கும் உரிமை உண்டு என்கிறது. 1994 வீடு அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. ஆகவே "என் மனையில் நான் தோண்டுகிறேன், உங்களுக்கென்ன" என்ற பேச்சு நிற்காது. வெளிச்சம், காற்றுக்கும் அதே 20 ஆண்டுதான். ஆனால் 33-வது பிரிவுப்படி கணிசமான பாதிப்பைக் காட்டினால்தான் இழப்பீடு. அனுமதித்த இடைவெளி விட்டுக் கட்டுகிறார் என்றால் ஜன்னல் வெளிச்சத்தை வைத்து வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். குழியை வைத்துப் போகலாம்.

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை. கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அதை மனையில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தராவிட்டால் மாநகராட்சியில் தகவல் உரிமை மனு: 10 ரூபாய், 30 நாள். வானம் தோண்டி முடிக்க 30 நாள்கூட ஆகாது, அதனால் மனுவை இன்றைக்கே போடுங்கள். வரைபடத்தில் பார்க்க வேண்டியது பக்க இடைவெளி, சன்ஷேடு எவ்வளவு நீட்டுகிறது, செப்டிக் டேங்கும் சம்ப்பும் எங்கே. சம்ப் உங்கள் சந்தை ஒட்டி இருந்தால் அதுவும் ஒரு வானம்தான், மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும். வரைபடத்தை மீறினால் 1971 நகர ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளைக் குறிப்பிட்டு, படத்தோடு, பதிவுத் தபாலில் புகார்.

பேச்சு முறிந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு மனுவோடு, வழக்கறிஞர் ஆணையர் நியமனத்துக்கும் சேர்த்து மனுப் போட வேண்டும். ஆணையர் ஓர் இன்ஜினியருடன் வந்து குழியின் ஆழம், தூரம், விரிசலை எழுதி வைப்பதுதான் பின்னால் வழக்கைத் தாங்கும். எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு தரக்கூடாது என்ற மனு) போட்டிருந்தால் 90 நாளுக்கு அவருக்கு அறிவிப்புத் தராமல் உத்தரவு வாங்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். அறிவிப்பு போய் விசாரணை வருவதற்குள் குழி மூடப்பட்டிருக்கும்!

காப்பீடு பற்றி யாரும் பேசுவதில்லை. கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் என்ற கட்டுமானக் காப்பீட்டு பாலிசியில் மூன்றாம் நபர் சேதத்துக்குப் பகுதி உண்டு. ஆனால் அதிர்வு, தாங்கல் பலவீனமாவது இரண்டும் தனியாகக் கேட்டுச் சேர்த்தால்தான் வரும். சேர்க்க வேண்டுமென்றால் வேலைக்கு முன் பக்கத்துக் கட்டடம் எப்படி இருந்தது என்ற அறிக்கை கேட்பார்கள். ஆகவே உங்கள் வீட்டைப் படம் எடுப்பது அவருக்கும் லாபம். இப்படிச் சொல்லிப் பாருங்கள், கதவு திறக்கும்.

சந்துவீடு94:
எல்லாருக்கும் நன்றி. அவரிடம் பேசியாகிவிட்டது. குழிகளை மாற்றி மாற்றி எடுக்கச் சம்மதம். தாங்குசுவருக்குப் பதிலாக, எங்கள் காம்பவுண்டிலேயே 5 அடிக்கு ஒன்றாகத் தண்ணீர் வடியத் துளை போட்டுவிடலாம், அழுத்தம் குறையும் என்று மேஸ்திரி சொல்கிறாராம். இன்னொன்று: வீட்டில் ஏற்கெனவே சில விரிசல்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் பூசிவிட்டுப் படம் எடுக்கவா?

சென்ட்ரிங்பலகை:
துளை போட்டால் அவர் மனைத் தண்ணீர் முழுக்க உங்கள் சந்தில் இறங்கி உங்கள் கருங்கல்லை நனைக்கும். தண்ணீர் அழுத்தம் குறையும், மண்ணின் தள்ளல் அப்படியே இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். செலவுதான் பிரச்சினை என்றால், நிரப்பும் மண்ணைக் காம்பவுண்டிலிருந்து 5 அடி தள்ளி நிறுத்தி, அங்கிருந்து சரிவாக இறக்கி, சரிவின்மேல் கல் பதிக்கலாம். பக்க இடைவெளியில் அவர் கார் விடப் போவதில்லையே.

கடைக்கால்:
பூசாதீர்கள். பூசினால் இரண்டு வழியிலும் நஷ்டம்: பழையது புதியதுபோல் மறுபடி வாய் திறக்கும், நீங்கள் மறைத்ததாக அவர் சொல்வார்.

ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஒருமுறை தூரத்திலிருந்து அறை தெரிய, ஒருமுறை கிட்டத்தில். மூன்று நான்கு முக்கிய விரிசல்களில் பூச்சை உள்ளங்கை அளவுக்குச் செதுக்கி, செங்கல்லின் மேலேயே கண்ணாடிச் சில்லை எபாக்சி வைத்து ஒட்டுங்கள். லேப் ஸ்லைடு நல்லது. பூச்சின்மேல் ஒட்டினால் பூச்சு உப்பினாலே உடைந்துவிடும், அது எதையும் நிரூபிக்காது. கூடவே வீட்டின் நான்கு மூலையிலும் பேஸ்மென்ட் (தரைக்கு மேல் தெரியும் அடிச்சுவர்) மேல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து ஒரே மட்டத்தில் குறி போடுங்கள். வானம் திறந்திருக்கும் நாட்களில் தினமும், பிறகு வாரம் ஒருமுறை சரிபாருங்கள். அவர் பக்கத்து இரண்டு குறிகள் மட்டும் 3 மில்லிமீட்டர் இறங்கினால் விரிசல் வருமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எல்லா விரிசலும் அவருடையது அல்ல. ஸ்லாபுக்குக் கீழே சுவர் நெடுகப் படுக்கையாக ஓடுவது வெயிலில் ஸ்லாபு நீண்டு சுருங்குவதால் வருவது. மே, ஜூனில் திறந்து ஐப்பசியில் மூடிக்கொள்வது களி மண்ணின் வேலை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக ஏறி, மேலே போகப்போக அகலமாகி, அவர் பக்கத்துச் சுவரில் மட்டும் வருவதுதான் அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளம். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் எழுதி வைத்துக் கவனியுங்கள். வாரத்துக்கு வாரம் வளர்ந்தாலோ 5-ஐத் தொட்டாலோ வேலையை நிறுத்தி, குழியை மண் போட்டு மூடச் சொல்லுங்கள்; இன்ஜினியரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.

படங்களை அச்செடுத்து இருவரும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு செட், ஆளுக்கு ஒன்று. கடைக்கால் மூடி ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகும்வரை பூச்சு வேலையில் கை வைக்காதீர்கள்.