பாலவாக்கம்: போர் தண்ணீர் கரிக்கிறது, இன்னும் ஆழம் போடலாமா?

கடலோரக் குடித்தனம்:
கடற்கரைக்கும் எங்கள் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. 60 அடி போர். ஐந்தாறு வருஷம் முன்புவரை அந்தத் தண்ணீரில்தான் சாம்பார் வைத்தோம். இப்போது வாய் கொப்பளித்தாலே கரிக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் இலை நுனியெல்லாம் தீய்ந்துவிட்டது. தென்னை மட்டும் தனக்கென்ன என்று நிற்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 2,300 காட்டுகிறது. போர் போடுகிறவர் 150 அடி போனால் நல்ல தண்ணி என்கிறார். பிளம்பரோ சாஃப்ட்னர் மாட்டச் சொல்கிறார். எதைக் கேட்பது?

மாடிவீடு:
தாம்பரத்தில் 200 அடி போட்டோம், இளநீர் மாதிரி இருக்கு. தைரியமாகப் போடுங்கள் சார்.

உறைகிணறு:
வேண்டாம் சார். தாம்பரத்தில் பாறை, அங்கே கடல் எட்டாது. நமக்கு மணல். மழைத்தண்ணீர் அந்த மணலுக்குள் உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது, அவ்வளவுதான். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே இறைக்க இறைக்கக் கீழே ஏறும், அதுவும் போருக்கு நேர் அடியில் கூம்பு மாதிரி. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் வயலுக்கும் நகரத்துக்கும் இறைத்து இறைத்தே கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. கடைசியில் 2010இல் அதே பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. என்னத்தைச் சொல்ல!

மோட்டார் போட்டு ஐந்து நிமிஷத்தில் ஒரு டம்ளர், ஒரு மணி நேரம் ஓடியபின் ஒரு டம்ளர் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டாவது கூடுதலாக இருந்தால், இறைக்க இறைக்க உப்பு கீழிருந்து ஏறுகிறது என்று அர்த்தம்.

சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும், உப்பு போகாது. ஆர்ஓ போட்டாலும் கழிவுநீரை மழைநீர்க் குழியில் விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அபார்ட்மெண்ட்டில் அதைத்தான் செய்தார்கள்.

வீட்டில் பழைய கிணறு உண்டா?

கடலோரக் குடித்தனம்:
அளந்தேன் ஐயா. முதல் டம்ளர் 1,650, இரண்டாவது 2,480. கிணறும் இருக்கிறது! அப்பா காலத்தில் சிலாப் போட்டு மூடி, மேலே துணிக் கம்பி நட்டுவிட்டோம். ஞாயிறன்று சிலாப்பை நகர்த்தி வாளி விட்டோம். 17 அடியில் தண்ணீர், டிடிஎஸ் 820. ஆனால் பக்கத்து வீட்டு போர் ராத்திரி முழுக்க ஓடுகிறதே, நான் மட்டும் நிறுத்தி என்ன லாபம்?

உறைகிணறு:
பாதி லாபம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த 820 உங்கள் கையில் இருக்கிறது. அரை குதிரைத்திறன் மோட்டார் போதும். காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். ஃபுட்வால்வை, அதாவது தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வை, அடிவரை இறக்காமல் மேலாகவே வையுங்கள். தூர்வார ஆளை உடனே இறக்கிவிடாதீர்கள், மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கும். அப்புறம், 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மொட்டைமாடியிலிருந்து ஒரு குழாய் இறக்கியிருப்பீர்களே, அது எங்கே போகிறது? அதை ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்புங்கள்.

கடலோரக் குடித்தனம்:
இன்று தோண்டிப் பார்த்தோம் ஐயா. கார் ஷெட் ஓரமாக இரண்டடி மண்ணுக்குள் போகிறது. அதற்குமேல் எங்கேயும் போகவில்லை; முனையில் மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள்.