எங்க குழாய்த் தண்ணி வந்த ஊர்

போயிட்டு வந்த ஊரைப் பத்தி எழுதச் சொன்னதுக்கு ஊட்டி, ஏற்காடுன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. நான் வடசென்னை, தண்டையார்பேட்டை. சொல்லப்போறது பக்கத்துல இருக்கிற பொன்னேரியும் பழவேற்காடும். சின்ன வயசுலேருந்து கும்மிடிப்பூண்டி ரயில் சத்தத்துலதான் தூங்கி எழுந்திருக்கேன், ஆனா அத்திப்பட்டுக்கு அந்தாண்ட போனதே இல்ல. போன தை மாசம் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கிட்டுப் போனேன்.

மீஞ்சூர் தாண்டினதும் ரெண்டு பக்கமும் வயல். நவரைப் பட்டம், நடவு நடந்துக்கிட்டிருந்துச்சு. பொன்னேரியில பஸ்ஸுக்கு நிக்கும்போது கீரைக்கட்டோட உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எந்த ஊரும்மா?"ன்னு கேட்டார். சொன்னேன்.

"அப்போ எங்க தண்ணியக் குடிச்சு வளந்த புள்ளதான் நீ. மீஞ்சூர்ப் பக்கம் போர் போட்டு மெட்ராசுக்குக் கொண்டுபோனாங்க. உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி உள்ள வந்துடுச்சு. எங்க கிணத்துத் தண்ணியில மாடு கூட வாய் வைக்காது."

கோபமா சொல்லல. அம்மா ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருக்குழாயில குடத்தோட வரிசையில நின்னவங்க. "எங்களுக்குத் தெரியாதுங்கய்யா"ன்னு மட்டும் சொன்னாங்க. அவர் ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து அம்மா பையில வச்சார். காசு வாங்கிக்கல.

பழவேற்காட்டுல டச்சுக்காரங்க 1613-ல கட்டின கெல்ட்ரியா கோட்டை இப்போ புதர் மண்டிக் கிடக்கு. கல்லறைத் தோட்டத்து வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின தூண்கள் இருக்கு. மகள் முதல்ல பயந்தா, அப்புறம் தொட்டுப் பார்த்தா. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்க ஏரியில படகு கவிழ்ந்து அத்தனை பேர் செத்தது மனசுல இருந்ததால நாங்க படகுல ஏறல. கரையிலேருந்தே பூநாரைக் கூட்டம் தெரிஞ்சுது. அலகைத் தலைகீழாத் தண்ணியில விட்டு சலிச்சுச் சலிச்சுத் தின்னுச்சுங்க.

ஆனா கண்ணுக்குள்ள நிக்கிறது ஓர் இருளர் அக்கா. மார்பளவு தண்ணியில உட்கார்ந்தபடியே நகர்றாங்க. இறால் போட்டு வைக்கிற பனையோலைக் கூடை, பறின்னு பேரு, அதோட வாயைப் பல்லால கடிச்சுப் பிடிச்சிருக்காங்க. ரெண்டு கையும் சேத்துக்குள்ள துழாவுது. வலையில்ல, தூண்டில் இல்ல, விரல்தான் கண்ணு. இறால் தட்டுப்பட்டதும் ஒரே வீச்சுல பறிக்குள்ள போயிடுது. மணிக்கணக்கா அப்படியேதான். கரையேறினப்போ விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்துச்சு, ரெண்டு இடத்துல இறால் முள் கிழிச்ச கோடு.

காசிமேட்டுல அஞ்சு ரூபாய்க்குக் கூட பேரம் பேசுற எங்கம்மா, அன்னிக்கு அந்த அக்கா கேட்ட விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தாங்க.

— — —

அக்கா, உங்க பதிவைப் படிச்சேன். நான் எண்ணூர். எங்க ஆயாவும் பறி கடிச்சு இறால் பிடிச்சவங்கதான். முன்பல்லு ரெண்டும் அதுலயே தேஞ்சு போச்சு. இங்க கழிமுகத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு சேறே மாறிடுச்சு, கைவச்சா மாவு மாதிரி இருக்கு. இறால் எப்படித் தங்கும்? பழவேற்காட்டுல இன்னும் ஏரி உயிரோட இருக்கு. அங்க மீனவங்களுக்குள்ள பாடுன்னு ஒரு முறை உண்டு: ஏரியில எந்த இடத்துல யார் என்னிக்கு வலை கட்டணும்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. பெரியவங்க காலத்துலேருந்து நடக்குது.

அடுத்த தடவை போனா பனையோலைப் பெட்டி முடையுற முஸ்லிம் அம்மாக்களையும் பார்த்துட்டு வாங்க. ஆயா பறி ஒண்ணு இன்னும் எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு, உங்க பொண்ணுக்குக் காட்டணும்னா கூட்டிட்டு வாங்கக்கா.