கலைச்சொல்: போர்ட் ஃபார்வர்டிங் என்பதற்கு ‘துறைமடை’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டுப் பிணையத்தில் இருக்கும் கருவியை வெளியிலிருந்து அணுகுவது பற்றிய உதவிக் குறிப்பில் மற்ற சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. திசைவி (ரவுட்டர்), தீயரண் (ஃபயர்வால்), பிணையம் (நெட்வொர்க்) மூன்றிலும் யாருக்கும் மறுப்பில்லை. வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் இருக்கும் உரிய கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் மட்டும் நிற்கிறது. வாயில் முன்னனுப்பல், துறை வழிமாற்று, துறை ஆற்றுப்படுத்தல் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக ஒன்றை வைக்கிறேன். அதற்குமுன் திசைவி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சொல் அந்தச் செயலிலிருந்து பிறந்தால்தான் நிலைக்கும்.

ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவை தீர்ந்துபோகும் என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு பொதுமுகவரி, உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்பது போலத் தொடங்கும் உள்முகவரிகள் என்ற ஏற்பாடு பரவியது. உள்முகவரியை இணையத்தில் யாரும் தேடிவர முடியாது. உள்ளிருந்து ஒரு கணினி வெளியே போகும்போது, இன்ன கருவி இன்ன துறையெண் (போர்ட் எண்) வழியாகப் போனது என்று திசைவி ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்குக் கொடுக்கிறது. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு பொதி (தரவுத் துண்டு, பாக்கெட்) வந்தால் அட்டவணையில் அதற்கு வரி இருக்காது. அது யாருக்கு என்று திசைவிக்குத் தெரியாது, கைவிட்டுவிடும்.

போர்ட் ஃபார்வர்டிங்குக்காக நாம் திசைவியில் எழுதிவைக்கும் விதி அந்த வரியை நிரந்தரமாக்குகிறது: வெளியே 8443 என்ற துறையெண்ணுக்கு எது வந்தாலும் உள்ளே 192.168.1.20 என்ற கருவியின் 443க்குத் திருப்பு. வெளியெண்ணும் உள்ளெண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். பொதியில் எழுதியிருக்கும் பெறுநர் முகவரியையே திசைவி மாற்றி எழுதுகிறது. பதில் திரும்பும்போது அனுப்புநர் முகவரியை மறுபடியும் பொதுமுகவரியாக மாற்றுகிறது.

> மின்னஞ்சலில் ‘முன்னனுப்பு’ பழகிவிட்டது. அதையே இங்கும் வைத்தால் என்ன?

பழக்கம் பெரிய பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் மின்னஞ்சலை முன்னனுப்பினால் அது போய்விட்டது, அவ்வளவுதான். இங்கே போனது அதே வழியாகத் திரும்பியும் வருகிறது. முன்னனுப்பு என்று படிப்பவர் ஒருமுறை செய்து முடிக்கும் செயல் என்று எண்ணிக்கொள்வார். இது அணைக்கும்வரை இரவும் பகலும் நிற்கும் ஓர் அமைப்பு. அந்த நிலைத்தன்மை சொல்லில் தெரியாவிட்டால், போட்டுவிட்டு மறந்துபோவதற்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம்.

‘வழிமாற்று’ தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குக் கொண்டுபோவதற்கு வேரூன்றிவிட்டது, அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘ஆற்றுப்படுத்தல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வழி அறிந்தவர் அறியாதவரை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது என்ற பொருள் அழகாகவே பொருந்துகிறது. ஆனால் உளவள ஆலோசனைக்கு அது இன்று வழக்கில் இருக்கிறது. தவிர, நீளமான சொல். ஒரு பொத்தானுக்குள் அடங்காது.

> ‘துறை’ என்றால் அரசுத் துறைதான் நினைவுக்கு வருகிறது. ‘வாயில்’ தெளிவாக இருக்கிறதே.

தனியாகப் பார்த்தால் தெளிவுதான். ஆனால் அதே அமைப்புப் பக்கத்தில் கேட்வே என்பதற்கு ‘நுழைவாயில்’ என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். வாயில், நுழைவாயில் இரண்டும் அடுத்தடுத்த பெட்டிகளில் வந்தால் புதிதாகப் படிப்பவர் எந்த எண்ணை எங்கே இடுவது என்று திண்டாடுவார். துறை என்றால் முதலில் நீரில் இறங்கும் இடம்தான். படகுத்துறை, துறைமுகம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ‘துறையெண்’ என்று எழுதிவிட்டால் அரசுத் துறை யாருக்கும் நினைவில் வராது.

சரி, என் பரிந்துரை: துறைமடை.

வாய்க்காலில் வரும் நீரை இன்ன வயலுக்கு என்று திருப்பிவிடும் இடம் மடை. திசைவியில் எழுதும் ஒவ்வொரு விதியும் ஒரு மடை. இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு முதல் காரணம் அதன் அழகு அல்ல, அதனோடு கூடவே வரும் வினைகள். மடை அமைக்கலாம், திறக்கலாம், திருப்பலாம், அடைக்கலாம். ‘மடையை அடை’ என்றால் விளக்கம் தேவையில்லை. முன்னனுப்பலை எப்படி அடைப்பது? ‘முன்னனுப்பலை முடக்கு’ என்று எழுதலாம், ஆனால் வாய்க்கு வராது.

மடைமாற்றம் என்றே வைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். செய்தித்தாள்களில் அது நிதியை உரியதல்லாத இடத்துக்குக் கொண்டுபோவதைக் குறித்துக் குறித்துக் கறைபட்டுவிட்டது. நம் விதி உரிய இடத்துக்குத்தான் கொண்டுபோகிறது. அதனால் மாற்றம் வேண்டாம், மடை மட்டும் போதும்.

சொல்லைச் சோதிக்க உதவிக் குறிப்பின் கடினமான பகுதிகளில் வைத்துப் பார்த்தேன். உள்முகவரியை நிலையாக ஒதுக்காவிட்டால் திசைவி அடுத்த முறை அந்த முகவரியை வேறு கருவிக்குத் தந்துவிடலாம். அப்போது ‘துறைமடை வேறு கருவிக்குத் திரும்பிவிடும்’ என்று எழுதினால் போதும். சில கருவிகள் யூபிஎன்பி என்ற தானியங்கு அமைப்புமுறை வழியாக நம்மைக் கேட்காமலே திசைவியில் விதி எழுதிக்கொள்கின்றன. ‘கருவிகள் தாமாகவே மடை திறக்க விடாதீர்கள்’ என்றால் எச்சரிக்கை உடனே புரிகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை இணையச் சேவையாளரே பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிரும் நிலை. அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை ஒரு முகவரித் தொகுதி 2012இல் ஒதுக்கப்பட்டது. திசைவியின் வெளிமுகவரி அந்த எல்லைக்குள் இருந்தால் வீட்டில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்று மக்கள் மணிக்கணக்கில் தவிப்பது பெரும்பாலும் இங்கேதான். நம் மொழியில் அதற்கு விடை தயாராக இருக்கிறது: தலைமடை சேவையாளரிடம் இருக்கிறது, அங்கே திறக்காமல் இங்கே நீர் வராது. அப்புறம் செய்ய வேண்டியது பொதுமுகவரி கேட்டு வாங்குவது, அல்லது உள்ளிருந்தே வெளியே ஒரு மறைவழி (டனல்) போடுவது. டனல் என்பதற்கு ‘சுருங்கை’ என்ற பழஞ்சொல்லைப் பரிந்துரைக்கிறேன், நிலத்தடி வழி என்பதே அதன் பொருள்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சீமேப் என்ற கருவி, நல்ல வேகமுள்ள ஒரே கணினியிலிருந்து நான்காம் பதிப்பின் பொதுமுகவரிகள் அனைத்தையும் ஒரு துறையெண்ணுக்கு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். எண்ணை 22இலிருந்து 2222க்கு மாற்றினால் ஒளிந்துகொண்டதாக ஆகாது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் திசைவிகளையும் இப்படித் தேடித்தேடித்தான் பிடித்தது. ஆகவே துறைமடை என்ற பதிவின் கீழேயே ‘முடிந்தால் விபிஎன் ஒன்றுக்கு மட்டும் மடை திறக்கவும்’ என்ற வரி இருக்க வேண்டும். விபிஎன் என்பது வெளியிலிருந்து வீட்டுப் பிணையத்துக்குள் வரும் மறையாக்கப்பட்ட தனிவழி. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை வைப்பவருக்கு வழக்கமாக 51820 என்ற ஒற்றைத் துறையெண் (யூடிபி வகை) போதும். சரியான சாவி இல்லாமல் வருபவருக்கு அது பதிலே சொல்லாது. கேமராவையும் கோப்புச் சேமிப்பகத்தையும் தனித்தனியாக வெளியில் காட்ட வேண்டிய தேவை அதோடு போய்விடுகிறது.

இன்னொன்று. ‘திறத்தல்’, ‘திருப்புதல்’ இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஐபி ஆறாம் பதிப்பில் வழக்கமாக ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொதுமுகவரி கிடைக்கிறது, முகவரியை மாற்றி எழுதும் வேலை இல்லை. ஆனாலும் தீயரண் தடுக்கும், அதில் அனுமதி தர வேண்டும். அதற்கு ‘துறைத் திறப்பு’ என்று மட்டும் எழுதுவோம். துறைமடை என்றால் முகவரி மாறுகிறது, துறைத் திறப்பு என்றால் மாறவில்லை. இந்த வேறுபாடு தெரிந்தவருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. வேறு எந்த விதிக்கும் உட்படாமல் வெளியிலிருந்து வரும் அனைத்தையும் ஒரே கருவிக்கு அனுப்பும் அமைப்பைத் திசைவிகளில் டிஎம்இசட் என்று போட்டிருப்பார்கள். ‘முழுமடை’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், ஆனால் அதிலுள்ள ஆபத்து அந்தச் சொல்லில் போதிய அளவு தெரியவில்லை. ஆபத்தும் தெரியும்படி சுருக்கமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.