சாங்கி - லிட்டில் இந்தியா: "ஒரே மாற்றம்"னு ஊரை ஏமாத்தாதீங்க

பெரம்பூர்க்காரன்:
மூணு நாள் சிங்கப்பூர் போறவங்க சாங்கி ஏர்போர்ட்லேர்ந்து மெட்ரோ ரயில்ல லிட்டில் இந்தியா போக ஒரு மேதாவி இங்க யோசனை சொல்லியிருக்கார்: "எக்ஸ்போ ஸ்டேஷனில் ப்ளூ லைனுக்கு மாறினா நேரே லிட்டில் இந்தியா, ஒரே மாற்றம்." மேப்பைப் பார்த்தாரா? அந்த ரயில் ஜாலான் புசார் வரைக்கும் வரும். இறங்க வேண்டிய இடம் அங்கிருந்து நடை தூரம். ஆனா ரயில் திரும்பி சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ்னு ஊரையே பிரதட்சணம் பண்ணிட்டுத்தான் லிட்டில் இந்தியா வரும். எக்ஸ்போலேர்ந்து 23வது ஸ்டேஷன்! ஒழுங்கா ஏர்போர்ட் ரயில்ல எக்ஸ்போவில் இறங்காம தானா மேரா ஸ்டேஷன் போய் கிரீன் லைன் மாறுங்க. எட்டாவது ஸ்டேஷன் பூகிஸ். அங்க புக்கிட் பாஞ்சாங் பக்கம் போற ப்ளூ லைன்ல ரெண்டாவது லிட்டில் இந்தியா.

மயிலை மாமா:
அந்த மேதாவி நான்தான். ஒரே மாற்றம்னு சொன்னேன், சீக்கிரம்னு சொன்னேனா? பூகிஸில் கிரீன்லேர்ந்து ப்ளூவுக்கு சுரங்கத்தில் நடக்கிற நடை தெரியுமா? நம்ம ஆலந்தூர்ல மாறுற மாதிரின்னு நினைப்பா? பெட்டி, வயசான அம்மா, தூக்கம் கெட்ட குழந்தையோட போறவங்க உட்கார்ந்தபடி போகட்டுமே.

பெரம்பூர்க்காரன்:
23 சார். 23.

அண்ணாநகர் அக்கா:
முஸ்தஃபா ஷாப்பிங் சென்டர் பக்கம் ரூம் போட்டவங்களுக்கு ஃபேரர் பார்க் ஸ்டேஷன்தான் கிட்ட. நாலு பேர்னா டாக்சி பிடிங்க. நள்ளிரவு 12லேர்ந்து காலை 6 மணிக்குள்ள ஏறினா மீட்டருக்கு மேல 50 சதவீதம் கூடுதல்.

பெரம்பூர்க்காரன்:
அக்கா, பேச்சு டாக்சியைப் பத்தி இல்ல. 23 ஸ்டேஷனைப் பத்தி.

குரோம்பேட்டை தம்பி:
அண்ணே, ஜாலான் புசார்லயே இறங்கி நடந்துட்டா? 13வது ஸ்டேஷன்தானே.

மயிலை மாமா:
பெட்டியை நீ தூக்குவியா? ஒரே மாற்றம், அவ்வளவுதான்.

பெரம்பூர்க்காரன்:
தம்பி சொன்னதுல நியாயம் இருக்கு, கைப்பை மட்டும்னா. மாமா பேச்சைக் கேட்டா இப்படித்தான். சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற அரைவல் கார்டு படிவத்துக்குக் காசு பிடுங்குற லிங்க்கைப் போன மாசம் இங்க போட்டவர்தானே இவர்? அரசு தளத்தில் இறங்குற நாளோட சேர்த்து மூணு நாளுக்குள்ள நிரப்பணும், பைசா கிடையாது.

மயிலை மாமா:
அதை உடனே எடுத்துட்டேன். "ரயில் டிக்கெட்டுக்குப் பதிலா ஒரே வங்கி அட்டையை வீட்டுல எல்லாரும் கேட்ல தட்டலாம்"னு எழுதினது யார்? ஆளுக்கு ஒரு அட்டை வேணும். நம்ம ஊர் அட்டைன்னா தட்டுற நாளுக்கு 60 சென்ட் கூடுதல்.

பெரம்பூர்க்காரன்:
நான் எழுதல. ஸ்க்ரீன்ஷாட் போடுங்க.

குரோம்பேட்டை தம்பி:
எங்க ஃப்ளைட் டெர்மினல் 1ல இறங்குது. அங்க ஸ்டேஷன் இருக்கா?

பெரம்பூர்க்காரன்:
இல்ல. ஸ்டேஷன் 2க்கும் 3க்கும் நடுவுல. டெர்மினலுக்கு டெர்மினல் ஓடுற ஸ்கைட்ரெயின் பிடிச்சுப் போ. மாமாகிட்ட கேட்டா அதையும் சுத்திக்கிட்டு வரச் சொல்வார். ஸ்க்ரீன்ஷாட் எங்க மாமா?