மறுமொழி: பொதுக்கிணறு பம்ப், பில்ரர் காசு சேர்ப்பு

சிவம் அண்ணை, எல்லாருக்கும் வணக்கம்.

ஊர்ப் பொதுக்கிணத்தில எண்ணெய் கலந்திட்டுது, இறைச்சுச் சுத்தமாக்கப் பம்பும் பில்ரரும் வாங்கவேணும் எண்டு ஆளுக்கு 200 டொலர் கேட்டு வந்த மெயில் பாத்தன். தரமாட்டன் எண்டு சொல்லேல்லை, தேர்முட்டிக் கணக்கையும் நான் இப்ப கிளறேல்லை. ஆனா எதுக்குப் போடுறம்?

சின்ன மாமி போய் நிண்டவ, வாளித் தண்ணியில நிறம் நிறமாப் படலம் எண்டு அழுதுகொண்டு போன் எடுத்தவ. ஒரு ஈர்க்கால கீறிப் பாக்கச் சொன்னன். சில்லுச் சில்லா உடைஞ்சு விலகி நிண்டால் அது பக்றீரியாப் படலம், திரும்ப வந்து ஒட்டினால் எண்ணெய். ஒட்டிச்சாம், மணமும் இருக்காம்.

சரி, அதுக்குப் பெரிய பம்ப் வைச்சு இரவு பகலா இறைச்சால்? எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வெடிப்பா ஓடுது, எண்ணெய் எதால வருதெண்டே தெரியாது. தண்ணிமட்டம் இறங்க மிதக்கிற எண்ணெயும் இறங்கிக் கல்லில பூசுப்படும், மாரிக்கு மட்டம் ஏற திரும்ப மிதக்கும். கூட இறைச்சால் அடியில கிடக்கிற உப்புத்தண்ணி மேல வரும், இது அப்பாமாருக்கே தெரிஞ்ச விசயம்.

ராசன் சொல்லுற மாதிரி "பக்றீரியா தானாத் தின்னும், சும்மா விடுவம்" எண்டதும் அரைகுறைக் கதை. பென்சீன் மாதிரி லேசானதுகளைத் தின்னும்தான், பாரமான எண்ணெய்க்குக் கனகாலம் எடுக்கும். விடுறதெண்டால் அளக்காமல் விடுறதில்லை, சுத்திவரக் கிணறுகளில மாரிக்கு முன்னமும் பின்னமும் தண்ணி எடுத்து லாப்புக்குக் குடுத்து குறையுதோ பரவுதோ எண்டு வருசக்கணக்காப் பாக்கவேணும். மிதக்கிறதை முதல் வழிச்செடுக்கவேணும். அதுவரைக்கும் குடிக்கப் பவுசர் (தாங்கி லொறி) தண்ணி. லாப் ரிப்போட்டில குறையேல்லை எண்டால் பம்பைப் பற்றிக் கதைப்பம்.

2019-ல இலங்கை உயர் நீதிமன்றம், மின்நிலையத்து எண்ணெய் கலந்த யாழ்ப்பாணத்துச் சுன்னாகக் கிணறுகளுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது. எங்கட கிணறு அதுக்குள்ள வருதோ எண்டு ஆராவது கேட்டவையோ?

குமார், ரொரன்ரோ

-----

தம்பி குமார், 96-ல இடம்பெயர்ந்து திரும்பி வந்து அந்தக் கிணத்தைக் கலக்கி இறைச்சது என்ர அண்ணர், அப்ப உம்மட வீட்டாக்கள் ஒருத்தரும் ஊரில இல்லை. எங்கட கிணத்துக்கு ஈர்க்கு வைச்சு நீர் சோதினை செய்யவேண்டாம். லாப்புக்கு எவ்வளவு, எத்தினை கிணறு, பற்றுச்சீட்டு ஆரின்ர பேரில? அதை எழுதும், கொமிற்றியில வைக்கிறன்.

சிவம்